ஓட்டுப் போட்டதற்கு ஏன் ரசீது தருவதில்லை? ரகசிய வாக்கும் நம்பகமான எண்ணிக்கையும் மோதும் இடம்

டீக்கடையில் 15 ரூபாய்க்கு யுபிஐ பண்ணினால், டம்ளர் கைக்கு வருவதற்குள் பேங்க்கிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. ரயில் டிக்கெட்டுக்கு பிஎன்ஆர் இருக்கிறது, கூரியருக்கு டிராக்கிங் நம்பர் இருக்கிறது. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போடும் ஓட்டுக்கு நமக்குக் கிடைப்பது விரலில் ஒரு மை மட்டும்தான். ‘நான் போட்ட ஓட்டு நான் போட்ட ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்ததா?’ என்று வீட்டுக்கு வந்து பார்க்க வழியே கிடையாது.

ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் ‘இவிஎம்-ல கோல்மால்’ என்று ஒரு தரப்பும், ‘தோத்தா மட்டும் மெஷின் மேல பழி’ என்று இன்னொரு தரப்பும் வாட்ஸ்அப் குரூப்பில் மோதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையில் அடிபட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. வங்கியால் தர முடிகிற ரசீதைத் தேர்தல் ஆணையத்தால் ஏன் தர முடியாது?

சுருக்கமான பதில்: தரக் கூடாது என்பதால்தான். ரசீது கொடுத்த நாளிலேயே ரகசிய வாக்கு செத்துப்போகும். அப்படியானால் ரசீது இல்லாமல் எண்ணிக்கையை எப்படி நம்புவது? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உலகத்தின் எல்லாத் தேர்தல் முறைகளும் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தியாவில் அது எப்படி இருக்கிறது, எங்கே சரியாக இருக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்போம்.

ரசீது கொடுத்தால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையும் ஆணையம் ரத்து செய்தது. ஓட்டுக்குக் காசு என்பது நமக்குப் புது விஷயம் இல்லை.

ஆனால் அந்த வியாபாரத்தில் வாங்குபவருக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. காசு கொடுத்தவருக்கு, சரக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாது. ‘எல்லார்கிட்டயும் வாங்கிக்கோ, ஓட்டை உனக்குப் பிடிச்சவங்களுக்குப் போடு’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அது சாத்தியப்படுவதே மறைப்புக்குப் பின்னால் நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்று யாருக்கும் தெரியாததால்தான். கையில் ஒரு ரசீது இருந்தால் அந்த வசதி போய்விடும். ‘ரசீதைக் காட்டு, மீதிப் பணத்தை வாங்கிக்கோ’ என்றாகிவிடும். காசு கொடுப்பவருக்குக் கிடைக்கும் அதே வசதி, வேலை தரும் முதலாளிக்கும், ஊர்ப் பெரிய மனிதருக்கும், வீட்டில் அதட்டுகிற ஆளுக்கும் கிடைக்கும்.

அதனால் ரகசியம் என்பது ‘விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளலாம்’ என்ற உரிமை மட்டும் அல்ல. வாக்காளரே நினைத்தாலும் தன் ஓட்டை நிரூபிக்க முடியாதபடி இருக்க வேண்டும். நிரூபிக்க முடிகிறவரை மட்டுமே மிரட்டவும் முடியும், விலைபேசவும் முடியும். வாக்குச்சாவடிக்குள் செல்போன் கூடாது என்பதற்கும் இதுதான் அடிப்படை.

நம் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 94-வது பிரிவின்படி, யாருக்கு வாக்களித்தீர்கள் என்று சாட்சிக் கூண்டில்கூட உங்களைச் சொல்ல வைக்க முடியாது. 128-வது பிரிவின்படி, தேர்தல் பணியில் இருப்பவர் ரகசியத்தை வெளியிட்டால் 3 மாதம் வரை சிறை.

பெட்டியிலிருந்து ‘49 ஓ’ வரை

இந்த ரகசியம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும், குறி எதுவும் போட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான வாக்காளர்களுக்கு அது எளிதாக இருந்தது. ஆனால் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் கட்டி வெளியே கொண்டு வந்து விற்கவும் அதில் இடம் இருந்தது. 1962 பொதுத் தேர்தலில் எல்லா வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டு, அதில் முத்திரை, ஒரே பெட்டி என்ற முறைக்கு நாடு மாறியது.

இன்னொரு ஓட்டை அடைபட 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘49 ஓ’ நினைவிருக்கிறதா? யாருக்கும் ஓட்டுப்போட விருப்பமில்லை என்றால், வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் அதைச் சொல்ல வேண்டும். அவர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார், பக்கத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். எதிரே கட்சிகளின் பூத் ஏஜென்ட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதாவது, ஓட்டுப் போட்டவருக்கு ரகசியம் உண்டு. யாரையும் பிடிக்காதவருக்கு இல்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. நோட்டா பட்டன் வந்த கதை இதுதான். நோட்டா என்றதும் நமக்கு ‘எதிர்ப்பு ஓட்டு’ என்றுதான் தோன்றும். ஆனால் அந்தத் தீர்ப்பின் மையத்தில் இருந்தது ரகசியம்.

மெஷின் வந்தது எப்படி?

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளாவின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். மெஷினைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. அந்த பூத்களில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தபோது, முதலில் தோற்றவர் ஜெயித்துவிட்டார். பிறகு சட்டம் திருத்தப்பட்டது. 2001-ல் தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்கம், புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல்கள் முழுக்க மெஷினில் நடந்தன. 2004-ல் 543 மக்களவைத் தொகுதிகளுக்கும் அது வந்தது.

மெஷினுக்கு இணைய இணைப்போ, வைஃபையோ, புளூடூத்தோ கிடையாது. ‘ஹேக்கர் ரஷ்யாவில் உட்கார்ந்து மாத்திட்டான்’ வகைக் கதைகள் அடிபடுவது இங்கேதான். ஆனால் இணைய இணைப்பு இல்லை என்பது பாதுகாப்பின் ஒரு பகுதி மட்டுமே. பொதுத்துறை நிறுவனங்களான பெல், இசிஐஎல் ஆகியவற்றில் மெஷின் தயாராவது முதல் கிடங்கு, போக்குவரத்து, ஸ்ட்ராங் ரூம் வரை அதைத் தொடும் கைகள் எத்தனையோ. அந்தச் சங்கிலி முழுவதையும் ‘நம்புங்கள்’ என்று சொல்வது நம்பிக்கை. ‘சோதித்துப் பாருங்கள்’ என்று சொல்வதுதான் நம்பகத்தன்மை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் அங்கே பயன்பட்ட வாக்கு இயந்திரங்களை நிராகரித்தபோது சொன்ன காரணமும் இதுதான். மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது.

விவிபேட்: ரசீதுக்கும் ரகசியத்துக்கும் நடுவே ஒரு சமரசம்

2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமானது விவிபேட். பட்டனை அழுத்தியதும் ஒரு சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும், பிறகு வெட்டுப்பட்டு உள்ளே இருக்கும் பெட்டியில் விழும். பார்க்கலாம், கையில் எடுக்க முடியாது. உங்கள் பெயரோ வரிசை எண்ணோ அதில் இருக்காது.

யோசித்துப் பார்த்தால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ரசீது அச்சாகிறது, ஆனால் உங்களிடம் வருவதில்லை. எல்லோருடைய ரசீதோடும் கலந்துவிடுகிறது. நாளைக்குச் சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்க்கக் காகிதச் சாட்சி இருக்கிறது, அது யாரையும் காட்டிக்கொடுக்காது. ரகசியம், சரிபார்ப்பு இரண்டும் ஒரே பெட்டியில்.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் காகிதத்தை நாம் எவ்வளவு எண்ணுகிறோம் என்பதில். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக இருந்த சோதனையை 5 பூத்களாக உயர்த்தியது. 100 சதவீதம் எண்ண வேண்டும், அல்லது பழைய சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது.

5 போதுமா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 பூத் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 பூத்களில் தில்லுமுல்லு நடந்திருந்தால், குலுக்கலில் எடுக்கும் 5 பூத்களில் ஒன்றாவது அந்த 25-ல் இருக்க வாய்ப்பு சுமார் 41 சதவீதம். வெறும் 5 பூத்களில் மட்டும் நடந்திருந்தால், மாட்டும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம்தான்.

இப்போது இதையே மக்களவைத் தொகுதிக்குப் போடுங்கள். 6 சட்டமன்றத் தொகுதிகள், 1,500 பூத்கள், சோதனைக்கு 30. பத்தில் ஒரு பூத்தில் தவறு என்றால் மாட்டும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தாண்டிவிடும். நாடு முழுக்க 2019-ல் இப்படி 20,000-க்கும் மேற்பட்ட விவிபேட்கள் எண்ணப்பட்டன. அதனால் ‘நாடு தழுவிய மெஷின் மோசடி’ ஒன்று நடந்து, அது இத்தனை சோதனைகளிலும் மாட்டாமல் போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஆனால் எல்லாத் தேர்தலும் லட்சம் வாக்கு வித்தியாசத்தில் முடிவதில்லை. 2024-ல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 48 வாக்குகள். 2016-ல் நம் ராதாபுரத்தில் 49. இந்த மாதிரி இடங்களில் ஒன்றிரண்டு பூத்களில் நடக்கும் தவறே முடிவை மாற்றிவிடும். அதைப் பிடிக்க 5 பூத் சோதனையால் முடியாது.

இதற்குத் தீர்வும் ஏற்கெனவே உண்டு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் எண்ணு. நெருக்கமாக இருந்தால் நிறைய எண்ணு. முடிவு உறுதியாகும் வரை எண்ணிக்கொண்டே போ. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இப்படித்தான் தணிக்கை செய்கிறது. எல்லா இடத்திலும் 100 சதவீதம் எண்ணத் தேவையில்லை. எல்லா இடத்திலும் ஒரே 5 என்பதுதான் தர்க்கத்துக்குப் பொருந்தவில்லை.

2024 தீர்ப்பு ஒரு புதிய கதவையும் திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள், முடிவு வந்த 7 நாட்களுக்குள் எழுதிக் கேட்டால், கட்டணம் கட்டி, தொகுதியின் 5 சதவீத மெஷின்களின் மெமரி சிப்பைச் சோதிக்கச் சொல்லலாம். குற்றம் நிரூபணமானால் பணம் திரும்பும். பிறகு அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதிலேயே வழக்கு வந்தது. மெஷினில் உள்ள வாக்கு விவரத்தை அழித்துவிட்டுச் சோதிக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பேப்பருக்குத் திரும்பினால் சரியாகிவிடுமா?

2024 ஜனவரி 30, சண்டிகர் மேயர் தேர்தல். மொத்தமே 36 ஓட்டு, முழுக்கக் காகிதம். தேர்தல் அதிகாரி 8 சீட்டுகள் செல்லாது என்று அறிவித்து, தோற்க வேண்டியவரை ஜெயிக்க வைத்தார். அவரே சீட்டுகளில் பேனாவால் கிறுக்கியது கேமராவில் பதிவாகியிருந்தது. மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து முடிவை மாற்றியது.

2022-ல் ஹரியானாவின் பானிபட் மாவட்டம், புவானா லாக்கு கிராமத்தில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். இது மெஷின். இங்கேயும் தவறான ஆள் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டார். வழக்கு மூன்று வருடம் நடந்து, 2025-ல் உச்ச நீதிமன்றம் மெஷின்களையே டெல்லிக்கு வரவழைத்து, தன் வளாகத்திலேயே எண்ண வைத்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 51 வாக்கில் வென்றிருந்தது தெரியவந்தது. மெஷினில் இருந்த எண் ஒன்று, அலுவலர்கள் அறிவித்தது வேறொன்று.

ஒன்று பேப்பர், ஒன்று மெஷின். இரண்டிலும் தவறு மனிதக் கையில் நடந்தது. இரண்டிலும் நீதி கிடைத்ததற்குக் காரணமும் ஒன்றே: ஆதாரம் அழியாமல் இருந்தது, அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. ‘மெஷினா, பேப்பரா?’ என்ற கேள்வியைவிட, ‘சாட்சி இருக்கிறதா, அதை யார் பார்க்கலாம், எத்தனை நாளைக்குள்?’ என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

அந்தக் கேள்விக்கு அண்மையில் கிடைத்த பதில் கொஞ்சம் நெருடலானது. 2024 டிசம்பரில், வாக்குச்சாவடி வீடியோ உள்ளிட்ட தேர்தல் ஆவணங்களைத் தரச் சொல்லி பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே தேர்தல் நடத்தும் விதிகளில் 93-வது விதி திருத்தப்பட்டு, சிசிடிவி போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடும் வழி அடைக்கப்பட்டது. 2025 மே மாதம், வழக்கு இல்லையென்றால் 45 நாட்களுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடலாம் என்றது ஆணையம். தேர்தல் வழக்குத் தொடுக்க உள்ள அவகாசமும் அதே 45 நாள்தான்.

ஆணையம் சொல்லும் காரணங்களில் ஒன்று வாக்காளரின் தனியுரிமை. அதை அப்படியே ஒதுக்கவும் முடியாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று வீடியோவில் தெரிந்தால், ‘ஏன் ஓட்டுப்போட வரலை?’ என்று வீட்டு வாசலில் வந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முகத்தை மறைத்துத் தரலாம். வேட்பாளருக்கு மட்டும் தரலாம். நீதிமன்ற மேற்பார்வையில் காட்டலாம். வழிகள் இருக்கும்போது கதவையே சாத்துவது, வாக்காளருக்காக உண்டான ரகசியத்தை நிர்வாகத்துக்குக் குடையாகப் பிடிப்பது போல ஆகிவிடுகிறது.

யாரும் பேசாத ஓட்டை: உங்கள் தெருவின் ஓட்டு

இவ்வளவு நேரம் எண்ணிக்கையைப் பற்றிப் பேசினோம். இப்போது மறுபக்கம். இந்தியாவில் ரகசிய வாக்கு உண்மையில் ரகசியமா?

தனி ஆளுக்கு, பெரும்பாலும் ஆமாம். தெருவுக்கு, இல்லை.

மெஷின்கள் பூத் வாரியாக எண்ணப்படுகின்றன. எந்த பூத்தில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-ல் வெளியாகிறது. தலைமைத் தேர்தல் அதிகாரிகளின் இணையதளங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பூத் என்பது ஆயிரத்துச் சொச்சம் பேர். நம் ஊர்களில் அது நாலைந்து தெரு, ஒரு காலனி, ஒரு குப்பம். தெருவும் சாதியும் பின்னிக்கிடக்கும் நாட்டில், ‘அந்தக் காலனிக்காரங்க நமக்குப் போடலை’ என்று கண்டுபிடிக்க டேட்டா சயின்டிஸ்ட் தேவையில்லை. குஜராத்தின் கிர் காட்டில் உள்ள பானேஜில் ஒரே ஒரு வாக்காளருக்காக பூத் அமைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த பூத்தின் கணக்கு தனியாக வெளிவந்தால் அவருடைய ரகசியம் என்ன ஆகும்?

இது கற்பனைப் பயம் இல்லை. 2019 ஏப்ரலில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி உத்தரப் பிரதேசப் பிரசாரத்தில், வாக்கு சதவீதத்தை வைத்து கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரிப்பதாகவும், வளர்ச்சிப் பணிகள் அந்த வரிசையில்தான் நடக்கும் என்றும் பேசினார். தேர்தல் ஆணையம் அவரைக் கண்டித்தது. ஆனால் அப்படிப் பிரிக்க உதவும் பூத் வாரிப் புள்ளிவிவரம் அப்படியே தொடர்கிறது.

சீட்டு முறை இருந்தபோது, மிரட்டல் அபாயம் உள்ள இடங்களில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண விதியில் வழி இருந்தது. மெஷின் வந்ததும் அந்தக் கலக்கல் போய்விட்டது. அதை ஈடுகட்ட ‘டோட்டலைசர்’ என்ற கருவியை 2008-லேயே ஆணையம் முன்மொழிந்தது. சுமார் 14 பூத்களின் மெஷின்களை இணைத்து, கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவி அது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எங்கே ஆதரவு குறைவு என்று தெரிந்தால் கட்சிகள் அங்கே கூடுதலாக வேலை செய்யும் என்ற ரீதியில் வாதம் வைக்கப்பட்டது. அதே தகவல் தண்டிக்கவும் பயன்படும் என்பதைத்தான் மேனகா காந்தியின் பேச்சு காட்டியது.

ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. பூத் வாரிக் கணக்கை மறைத்தால், மோசடியைக் கண்டுபிடிக்கும் ஒரு வழியும் மறையும். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பூத்திலும் ‘படிவம் 17சி’ எழுதப்படும்: இந்த மெஷினில் மொத்தம் இத்தனை ஓட்டு. அதன் நகலை ஏஜென்ட்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எண்ணும் நாளில் அந்த எண்ணும் மெஷினின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். புவானா லாக்குவில் பிழை பிடிபட்டதும் பூத் வாரிக் கணக்கு இருந்ததால்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்க முடியும். 17சி-யில் முதலில் எழுதப்படுவது மொத்த ஓட்டு மட்டும்தான், யாருக்கு எத்தனை என்பது அதில் இல்லை. அதனால் மொத்த எண்ணிக்கையை பூத் வாரியாக எல்லோருக்கும் வெளியிடலாம். வேட்பாளர் வாரிக் கணக்கை 14 பூத்களாகச் சேர்த்து வெளியிடலாம். விவிபேட் சோதனையையும் அதே 14 பூத் தொகுப்பாகச் செய்யலாம். மெஷினில் தனிக் கணக்கு பத்திரமாக இருக்கும். வழக்கு வந்தால் நீதிமன்றம் திறந்து பார்க்கும். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. வேண்டியது முடிவெடுக்கும் மனசு மட்டும்தான்.

‘சரி, ஒரு ஆப் விட்டா என்ன?’

பெங்களூரிலோ புனேவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஓட்டுக்காக ஆம்னி பஸ்ஸில் 2,000 ரூபாய் கொடுத்து ஊருக்கு வருபவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமானதுதான். வெளியூரில் இருந்தபடியே வாக்களிக்க, 72 தொகுதிகள் வரை கையாளும் ‘ரிமோட்’ இயந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் ஆணையம் அறிவித்தது. கட்சிகள் சந்தேகம் கிளப்பியதோடு அது நின்றது. 2025 ஜூனில் பிகார், நகராட்சித் தேர்தலில் மொபைல் ஆப் மூலம் வாக்களிப்பதை முயன்று பார்த்தது.

வங்கி ஆப்பையும் ஓட்டு ஆப்பையும் ஒப்பிட முடியாது. வங்கியில் பணம் காணாமல்போனால் யார், எப்போது, எவ்வளவு என்று பதிவு இருக்கும், திருப்பித் தரலாம். ஓட்டில் ‘யார்’ என்ற பதிவே இருக்கக் கூடாது. ஆக, திருடுபோனாலும் தெரியாது, திருப்பித் தரவும் முடியாது. அதோடு, பூத்தில் இருக்கும் அந்த அட்டை மறைப்பு வீட்டு ஹாலில் இல்லை. போனை யார் வாங்கிப் பட்டனை அழுத்துகிறார் என்று எந்த ஓடிபியும் சொல்லாது.

2005 முதல் இணைய வாக்கு நடத்தும் எஸ்டோனியா, இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டுதான் கணக்கு. மிரட்டி வாங்கினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே பாதிக்கு மேல் இணையத்தில்தான் வாக்களித்தார்கள். ஆனால் அது சுமார் 14 லட்சம் பேர் உள்ள நாடு. கிட்டத்தட்ட எல்லோரிடமும் சிப் வைத்த அடையாள அட்டை உண்டு. ஒரு போனை முழுக் குடும்பமும் பகிரும் வீடுகள் உள்ள நாட்டில், அந்தத் தந்திரம் எத்தனை பெண்களுக்கு உதவும் என்று யோசியுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு வழி வேண்டும். அந்த வழி மறைப்புள்ள ஒரு பூத்தாக இருப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பு.

அடுத்த முறை பூத்துக்குப் போகும்போது

• பட்டனை அழுத்தியதும் ‘பீப்’ கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 7 விநாடி சீட்டைப் பாருங்கள். விவிபேட் ஏற்பாடே நீங்கள் பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

• சீட்டில் வேறு சின்னம் வந்தால், அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். 49எம்ஏ விதியின்படி உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், எல்லோர் முன்னிலையிலும் ஒரு சோதனை ஓட்டு நடக்கும். புகார் உண்மை என்றால் வாக்குப்பதிவு நிற்கும். பொய் என்று முடிவானால் உங்கள் மேல் வழக்கு. ஒருமுறை மட்டும் நடந்த பிழை சோதனையில் மறுபடி நடக்காவிட்டால் என்ன செய்வது? இந்த விதியின் மீதுள்ள நியாயமான விமர்சனம் இது; புகாரே வராமல் இருப்பதற்கு பயமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

• உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் திரும்பி வராதீர்கள். ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். அது தனிச் சீட்டில், தனி உறையில் வைக்கப்படும்.

• மெஷின் மேல் சந்தேகம் உள்ளவர்களும், சந்தேகமே இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. உங்களுக்குப் பிடித்த கட்சிக்கோ சுயேச்சைக்கோ ஒருநாள் பூத் ஏஜென்டாக உட்காருங்கள். 17சி நகல் கையில் வாங்கும் ஒவ்வொரு ஏஜென்டும் ஒரு காவல்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்பது தனியான, பெரிய விவாதம். அதை வேறொரு கட்டுரையில் பார்ப்போம். பட்டனை அழுத்திய பிறகு நடப்பதைப் பொறுத்தவரை, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நெருக்கமான தொகுதிகளில் கூடுதல் சீட்டுகளை எண்ணுவீர்களா? ஆதாரங்களை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள்? என் தெருவின் ஓட்டை எப்போது மறைப்பீர்கள்?

விரலில் வைத்த மை சில வாரங்களில் போய்விடும். அது இருக்கிற நாட்களிலாவது இந்தக் கேள்விகளை, உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.